பிற சமயத்தாரைப் பேணுதல் – சிரவணபெளகொளக் கல்வெட்டு தரும் பாடம்

அகில உலகங்களையும் தன் திருமேனியாகக் கொண்டு, அவற்றுள் உயிராய் உறைபவன் ஸ்ரீமந் நாராயணன் என்பது நம் தரிசனத்தின் அடிப்படை. இவ்வுண்மையைக் காலக்ஷேபங்களில் கேட்கிறோம். உத்ஸவ காலங்களில் அவன் வீதிதோறும் எழுந்தருளும்போது கண்ணாரக் காணவும் செய்கிறோம். திருவீதியில் எழுந்தருளும் பெருமான் தன் அடியார் வீட்டு வாசலை மட்டும் கடாக்ஷித்து, மற்றவர் வாசலில் திருக்கண்களை மூடிக்கொள்வதில்லை. ஆனால் அவனைப் பின்தொடர்ந்து செல்லும் நாம், நெற்றியில் வேறு குறி இட்டவரையோ, குறியே இல்லாதவரையோ, வேறொரு திருநாமத்தால் இறைவனை அழைப்பவரையோ எந்தக் கண்ணால் நோக்குகிறோம்? இவ்வினாவை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் எழுப்பிக் கொள்ள வேண்டும்.

“பிற சமயத்தாரை மதித்தால் நம் நிஷ்டை குலைந்துவிடாதா?” என்று ஐயுறுவார் சிலர். “எல்லாம் ஒன்றே, ஆகவே எந்தக் கொள்கையிலும் உறுதி வேண்டுவதில்லை” என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் பொருந்தாதவை என்பதை நம் முன்னோர் வாழ்ந்தே காட்டியுள்ளனர். அதற்குச் சான்றாக ஒரு கல்வெட்டு இன்றும் நிற்கிறது. அது நம் திவ்யதேசம் எதிலும் இல்லை. சமணர்களின் பெருந்தலமாகிய சிரவணபெளகொளத்தில் உள்ளது.

கல்வெட்டு கூறும் செய்தி

கன்னட நாட்டில், திருநாராயணபுரம் எனப்படும் மேல்கோட்டைக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஊர் சிரவணபெளகொளம். அங்கே விந்தியகிரி என்னும் குன்றின் உச்சியில், ஏறத்தாழ 57 அடி உயரத்தில், ஒரே கல்லில் வடித்த கோமடேசுவரர் திருவுருவம் பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது. ஊருக்குள் பண்டாரி பஸதி என்னும் சமணக் கோயில் உள்ளது. சக ஆண்டு 1290, அதாவது கி.பி. 1368-இல் பொறிக்கப்பட்ட கன்னடக் கல்வெட்டு ஒன்று அக்கோயிலில் உள்ளது. விஜயநகரப் பேரரசை நிறுவிய சகோதரர்களுள் ஒருவரான முதலாம் புக்கராயர் ஆண்ட காலம் அது.

ஆனைகுந்தி, பெனுகொண்டை முதலிய இடங்களைச் சேர்ந்த சமணர்கள் அரசரிடம் வந்து முறையிட்டனர். பக்தர்கள், அதாவது வைஷ்ணவர்கள், தங்களுக்கு அநீதி இழைக்கின்றனர் என்பதே முறையீடு. இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். முறையிட்டவர்கள் நாம் அல்லர். நம்மைக் குறித்தே முறையிடப்பட்டது. அச்செய்தியைக் கல்வெட்டு மறைக்கவில்லை.

அரசர் இருதரப்பாரையும் அழைத்தார். பதினெட்டு நாடுகளைச் சேர்ந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் கூடினர். கோயில் என்னும் திருவரங்கம், திருமலை, பெருமாள் கோயில் என்னும் காஞ்சி, திருநாராயணபுரம் ஆகிய தலங்களின் ஆசாரியர்கள் அங்கே இருந்தனர். பல்வகைக் கைங்கரியபரர்களும் இருந்தனர். எம்பெருமானார் திருவுள்ளம் பற்றித் திருக்குலத்தார் என்று பெயரிட்டு ஆட்கொண்டதாக ஸம்ப்ரதாயம் போற்றுகிறதே, அந்தத் திருக்குலத்தாரையும் அச்சபையினருள் ஒருவராகக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. இத்தனை பேர் முன்னிலையில் அரசர் சமணர்களின் கையைப் பற்றி வைஷ்ணவர்களின் கையில் வைத்தார். வைஷ்ணவ தரிசனத்துக்கும் ஜைன தரிசனத்துக்கும் பேதம் இல்லை என்று அறிவித்தார்.

வழக்கு எதைப் பற்றியது?

இரு சமயத்தாருக்கும் இடையே எழுந்த வழக்கு எதைப் பற்றியதாக இருக்கும் என்று எண்ணுகிறீர்கள்? ஜீவாத்துமாவின் இலக்கணம் பற்றியதா? ஜகத்காரணம் பற்றியதா? மோக்ஷத்தின் தன்மை பற்றியதா? இவற்றைப் பற்றித் தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஜைன தரிசனத்துக்கு முன்போலவே ஐம்பெரும் வாத்தியங்களும் கலசமும் உரியன என்பதே அரசர் முதலில் உறுதிசெய்தது. வழக்கு மேளத்தைப் பற்றியது, கலசத்தைப் பற்றியது, வீதியில் யாருக்கு என்ன மரியாதை என்பதைப் பற்றியது.

உத்ஸவத்துக்கு வந்திருக்கும் அன்பர்களுக்கு இதன் பொருளை விரித்துக் கூற வேண்டுவதில்லை. எக்காலத்திலும் சமயப் பூசல்களில் பெரும்பாலானவை தத்துவத்தில் தொடங்குவதில்லை. யார் முன்னே செல்வது, யார் வாசலில் வாத்தியம் முழங்குவது, எந்தக் குறியை எங்கே இடுவது, எவருக்கு முதல் தீர்த்தம் என்பவற்றில்தான் தொடங்குகின்றன. நம் ஸம்ப்ரதாயத்துக்குள்ளேயே கலைபேதம் பற்றிய வழக்குகள் ஆங்கிலேயர் காலந்தொட்டு நீதிமன்றப் படிகளை ஏறியதை நாம் அறிவோம். ஒரே ஆசாரியரின் திருவடிகளைச் சேவிப்பவர்களுக்குள்ளேயே இது நிகழுமானால், வேறு தெய்வத்தை வணங்குபவரிடம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! “கொள்கைக்காகப் போராடுகிறேன்” என்று ஒருவன் கூறும்போது, அவன் போராடுவது கொள்கைக்காகவா, தன் அகங்காரத்துக்காகவா என்பதை அவனே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்துக் கல்வெட்டு கூறுவது இன்னும் ஆழமானது. பக்தர்களால் ஜைன தரிசனத்துக்கு ஓர் ஏற்றமோ தாழ்வோ நேருமானால், அதைத் தம் தரிசனத்துக்கு நேர்ந்த ஏற்றமாகவும் தாழ்வாகவுமே வைஷ்ணவர்கள் கருத வேண்டும். இச்சாசனத்தை நாடெங்கும் உள்ள சமணக் கோயில்களில் நாட்டும் பொறுப்பும் ஸ்ரீவைஷ்ணவர்களையே சார்ந்தது. சந்திர சூரியர் உள்ளளவும் ஜைன தரிசனத்தை வைஷ்ணவ சமயம் காத்துவரும் என்பது உடன்பாடு.

சொல் அளவில் நின்றுவிடாமல் இதைச் செயலாக்கவும் வழி வகுத்தனர். நாட்டிலுள்ள சமணர்கள் தம் இசைவோடு வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் கொடுப்பது. திருமலைத் தாத்தய்யா அதைத் திரட்டி, பெளகொளத்துத் தேவருக்கு இருபது காவலரை நியமிப்பது. எஞ்சிய பணத்தைக் கொண்டு சிதைந்த ஜினாலயங்களுக்குச் சுதை பூசிப் பழுது பார்ப்பது. இதுவே ஏற்பாடு. யாரைக் குறித்து முறையீடு எழுந்ததோ அந்தச் சமயத்தைச் சேர்ந்த பெரியவரின் கையிலேயே காவற்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. “இனி உங்களுக்குத் துன்பம் செய்யமாட்டோம்” என்பது ஒரு படி. “உங்கள் கோயிலுக்கு நாங்களே காவல் நிற்போம்” என்பது அதனினும் மேலான படி. பொறுத்துக்கொள்ளுதலுக்கும் ஏற்றுக்கொள்ளுதலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இவ்வுடன்பாட்டை நிலைநிறுத்தப் பின்னரும் முயன்ற புசுவி செட்டி என்பவருக்கு இரு சமயத்தாரும் ஒன்றுகூடி ‘சங்க நாயகர்’ என்னும் பட்டம் அளித்தனர் என்பதையும் அக்கல்லே தெரிவிக்கிறது. சண்டையில் வென்றவனுக்கு ஒரு பக்கத்தார் மட்டுமே மாலை இடுவர். சமாதானம் செய்தவனுக்கோ இருபக்கத்தாரும் மாலை இடுகின்றனர்.

உடன்பட்டவர் நிலை

இந்த உடன்பாடு நிகழ்ந்த ஆண்டை மீண்டும் நினைவுகூர வேண்டும். 1368 என்பது நம் ஸம்ப்ரதாயத்துக்கு இன்பமான காலமன்று. 1323-ஆம் ஆண்டில் டில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபின், நம்பெருமாள் கோயிலை விட்டு எழுந்தருளி ஊர் ஊராக, காடு மலையாக அலைந்த காலம் அது. பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சென்ற பிள்ளை லோகாசாரியர் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். கோபணாரியர் நம்பெருமாளை மீண்டும் திருவரங்கத்தில் பிரதிஷ்டை செய்வித்தது சக ஆண்டு 1293-இல், அதாவது 1371-ஐ ஒட்டியே. எனவே புக்கராயர் அவையில் ‘கோயில்’ ஆசாரியர்கள் சமணரின் கையைத் தம் கையில் ஏற்றபோது, அவர்களுடைய பெருமாள் இன்னும் தம் ஆஸ்தானத்துக்குத் திரும்பவில்லை.

கோயிலை இழப்பது எத்தகைய துயரம் என்பதை அவர்களைப் போல் உணர்ந்தவர் யார்? துன்பம் மனிதனை இருவகையாக மாற்றும். “நான் பட்டதை மற்றவனும் படட்டும்” என்று எண்ணச் செய்வது ஒருவகை. “நான் பட்டதை வேறெவரும் படலாகாது” என்று எண்ணச் செய்வது மற்றொரு வகை. அந்த அவையில் கைகொடுத்தவர்கள் இரண்டாம் வகையைத் தேர்ந்தனர்.

அவர்களை ஒன்றுசேர்த்த அரசர் யார்? சங்கம மரபினர் விரூபாக்ஷரைக் குலதெய்வமாகக் கொண்டு, தம் சாசனங்களில் ‘ஸ்ரீ விரூபாக்ஷ’ என்றே ஒப்பமிட்டவர்கள். சிவபெருமானிடம் ஈடுபாடு கொண்ட மரபில் வந்த அரசர், வைஷ்ணவரையும் சமணரையும் கைகோக்க வைத்தார். மூன்று சமயங்கள் சேர்ந்து நிகழ்த்திய நற்செயல் இது.

கொள்கை வேறு, உறவு வேறு

இனி ஒரு நுட்பமான செய்தி. இக்கல்வெட்டு எம்பெருமானாரைத் துதிக்கும் ஒரு சுலோகத்தோடு தொடங்குகிறது. வேதத்துக்குப் புறம்பான மதங்களாகிய கடலை வற்றச் செய்யும் வடவாமுகாக்கினி என்று அச்சுலோகம் அவரைப் புகழ்கிறது. சமணரைக் காப்போம் என்னும் சாசனத்தின் தலைப்பில் இத்தகைய துதியா என்று வியப்புத் தோன்றலாம். ஆனால் இதில்தான் பாடம் இருக்கிறது. கைகொடுத்த ஸ்ரீவைஷ்ணவர்கள் தம் ஆசாரிய பக்தியில் அணுவளவும் குறையவில்லை. தம் சித்தாந்தத்தை மறைக்கவுமில்லை. ஸ்ரீபாஷ்யத்தில், இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில், சமணரின் கொள்கையை எம்பெருமானார் மறுத்துள்ளார். 1368-க்குப் பின்னும் அப்பகுதி அப்படியே காலக்ஷேபம் செய்யப்பட்டது, இன்றும் செய்யப்படுகிறது. அவ்வாறே சமணரும் தம் நூல்களை விட்டுவிடவில்லை. ‘பேதம் இல்லை’ என்று அரசர் கூறியது சித்தாந்தங்களைக் கலந்து ஒன்றாக்குவதற்காக அன்று. மரியாதையிலும் பாதுகாப்பிலும் ஏற்றத்தாழ்வு கூடாது என்பதற்காக. வாதம் ஓலைச்சுவடியில் நடக்கலாம், வித்வத்ஸதஸ்ஸில் நடக்கலாம். வீதியில் நடக்க வேண்டியது உறவு.

வாதத்திலும் எம்பெருமானார் காட்டிய நெறி ஒன்று உண்டு. ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் மஹாபூர்வபக்ஷம் என்னும் நெடிய பகுதி அமைந்துள்ளது. எதிர்க்கக் கருதிய கொள்கையை அதை உடையவரே வியக்கும்படி, அவர்தம் வலிமையான யுக்திகளையெல்லாம் முறையாகத் தொகுத்து முதலில் வைக்கிறார். அதன் பின்னரே மறுமொழி தொடங்குகிறது. பிறர் கொள்கையைக் குறைத்தும் திரித்தும் கூறி வெல்வது வெற்றியன்று. அவர் என்ன நம்புகிறார் என்பதை அவர் ஏற்கும்படி நம்மால் சொல்ல முடியுமா? முடியாதெனில், அதை மறுக்கும் தகுதி நமக்கு இன்னும் வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு வேர் ஆழ்வார் அருளிச்செயலிலேயே உள்ளது. திருவாய்மொழி முதற்பத்தின் முதல் திருவாய்மொழியில், அவரவர் தம் அறிவுக்கு எட்டியவாறு தத்தம் தெய்வங்களைப் பற்றுகின்றனர் என்றும், அத்தெய்வங்களும் அவர்களுக்குக் குறையுடையவர் அல்லர் என்றும் நம்மாழ்வார் அருளுகிறார். நான்காம் பத்தின் இறுதித் திருவாய்மொழியில், திருக்குருகூர்ப் பெருமானின் பரத்துவத்தை ஓங்கி உரைக்குமிடத்தில், சைவ புராணத்தாரையும் சமணரையும் சாக்கியரையும் பெயர் சொல்லி விளிக்கிறார். அவ்விடத்தும், அவர்களாகவும் அவர்களுடைய தெய்வமாகவும் நிற்பவன் அப்பெருமானே என்கிறார். தம் பெருமானிடத்து உறுதி சற்றும் தளரவில்லை. ஆயினும் எதிரே நிற்பவர் அப்பெருமானுக்குப் புறம்பானவர் ஆகவுமில்லை. சரீர சரீரி பாவத்தை உணர்ந்தவனுக்கு வேறு முடிவு இருக்க முடியாது. மாற்றுச் சமயத்தானும் எம்பெருமானின் திருமேனி என்றால், அவனை நோகச் செய்பவன் யாருடைய திருமேனியை நோகச் செய்கிறான்?

கீதையின் ஏழாம் அத்தியாயத்திலும், எவன் எந்த உருவத்தைச் சிரத்தையோடு வணங்க விரும்புகிறானோ அவனுக்கு அந்தச் சிரத்தையைத் தானே அசையாமல் நிறுத்துவதாகக் கண்ணன் அருளுகிறான். பிறனுடைய நம்பிக்கையை எம்பெருமானே தாங்கி நிற்கும்போது, அதைத் தள்ளிவிட நாம் முற்படுவது தகுமா?

பூர்வர்கள் வாழ்ந்து காட்டிய வழி

குருபரம்பரையில் கூரத்தாழ்வான் வைபவம் அறியாதார் இலர். சோழன் அவையில், எம்பெருமானாரின் காஷாயத்தைத் தாம் தரித்துச் சென்று, மனத்துக்கு ஒவ்வாத ஓலையில் ஒப்பமிட மறுத்து, கண்களை இழந்தவர் அவர். எம்பெருமானார் திருவரங்கத்தை விட்டு மேல்நாட்டுக்கு எழுந்தருள நேர்ந்ததும் அதனாலேயே. ஒருவன் தன் நம்பிக்கையை மற்றவன்மீது அதிகாரத்தால் திணிக்கும்போது என்ன நேரும் என்பதை நம் ஸம்ப்ரதாயம் தன் உடலில் ஏற்ற வடுவாலேயே கற்றது.

அந்தக் கூரத்தாழ்வான் பின்னாளில் காஞ்சிப் பேரருளாளன் திருமுன்பே வேண்டியது என்ன? அரசனைத் தூண்டித் தமக்குத் தீங்கு விளையக் காரணமான நாலூரானுக்கும், தமக்குக் கிடைக்கும் பேறே கிடைக்க வேண்டும் என்பதுதான் என்று பெரியோர் பணிப்பர். தீங்கு செய்தவனையும் விலக்காத அந்தத் திருவுள்ளம் எங்கே! நமக்கு ஒரு தீங்கும் செய்யாமல், தன் தெய்வத்தைத் தன் வழியில் வணங்கிக்கொண்டிருக்கும் அண்டைவீட்டானைக் கண்டு முகம் சுளிக்கும் நாம் எங்கே!

எம்பெருமானாரைச் சரணடைந்தவன் என்று ஸம்ப்ரதாயம் போற்றும் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன், 1117-இல் பேலூரில் சென்னகேசவப் பெருமாளுக்குத் திருக்கோயில் எடுத்தான். அவனுடைய பட்டத்தரசி சாந்தலை தேவியோ சமண நெறியில் நின்று, 1123-இல் சிரவணபெளகொளத்தில் ஒரு பஸதியை எழுப்பினாள். அவனுடைய படைத்தலைவன் கங்கராஜனும் சமணனே. ஒரே அரண்மனையில் இரு வழிபாடுகள் நடந்தன. இல்லறமும் அரசும் குலையவில்லை.

திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு இடம் தந்து, ரொட்டி அமுது செய்விக்கும் மரபை யாத்ரீகர்கள் கண்டிருப்பீர்கள். திருநாராயணபுரத்தில் செல்வப்பிள்ளையின் திருவடியிலும் அந்நாச்சியார் இருக்கிறாள். அரங்கனின் அழகில் நெஞ்சைப் பறிகொடுத்த சுல்தானின் மகள் அவள் என்பது கோயில் வரலாறு. எந்தத் திசையிலிருந்து படை வந்து கோயிலைப் பாழாக்கியதோ, அந்தத் திசைப் பெண்ணையே நாச்சியாராக்கிக் கொண்டது நம் ஸம்ப்ரதாயம். பகைமையை மறப்பதற்கு இதனினும் இனிய வழி உண்டோ?

காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் பேரருளாளனைச் சேவித்தபின், வேகவதிக்கு அப்பால் உள்ள திருப்பருத்திக்குன்றத்தையும் காணலாம். ஜினகாஞ்சி எனப்படும் அவ்வூர்ச் சமணக் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஐ ஒட்டி எடுத்த மண்டபம் இன்றும் உள்ளது. பெளகொள உடன்பாட்டுக்கு இருபது ஆண்டுகளுக்குள், பெருமாள் கோயிலுக்கு அண்மையிலேயே அம்மண்டபம் எழுந்தது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

இப்பாடத்தை ஏட்டளவில் நிறுத்தாமல், உத்ஸவத்துக்கு வந்த நாம் சிலவற்றைச் சங்கல்பமாக ஏற்கலாம்.

முதலாவது, நம் அநுஷ்டானத்தைக் குறைவறச் செய்வது. தன் வழிபாட்டில் ஆழ்ந்தவனுக்குப் பிறர் வழிபாட்டைப் பழிக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. நிஷ்டை குறைந்த இடத்திலேயே நிந்தை மிகுகிறது.

இரண்டாவது, திருவீதிப் புறப்பாட்டின்போது வேறு சமயத்தாரின் ஆலயத்தைக் கடக்க நேர்ந்தால், அங்கே வழிபாடு நடக்கும் வேளையை மதிப்பது. அவர்களுடைய திருவிழா நம் வீதியில் வரும்போது வழிவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது. வாத்தியத்தைப் பற்றி எழுந்த பூசலை நம் ஆசாரியர்கள் கைகோத்துத் தீர்த்துக்கொண்டார்கள் என்பதை அப்போது நினைவுகூர்வோமாக.

மூன்றாவது, இல்லத்தில் மருமகளாகவோ மருமகனாகவோ வந்தவர் வேறு மரபில் வளர்ந்தவராயின், அவர்தம் வழிபாட்டை எள்ளாமல் இருப்பது. நாம் விரும்பும் நெறியை அவரும் விரும்ப வேண்டுமானால், நம் நடத்தையே அவருக்கு உபதேசமாக அமைய வேண்டும்.

நான்காவது, நம் குழந்தைகளுக்கு ஆழ்வார் ஆசாரியர் வைபவங்களைச் சொல்லும்போது, வாதத்தில் வென்ற கதைகளோடு கைகொடுத்த கதைகளையும் சேர்த்துச் சொல்வது. முன்னையவற்றை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, எதிரே நிற்பவனை எதிரி என்றே எண்ணிவிடுவான்.

ஐந்தாவது, பிற சமயத்தாருக்கு ஓர் இடர் வரும்போது, அது அவர்கள் பாடு என்று ஒதுங்காமல் இருப்பது. அவர்களுடைய தாழ்வு நம் தாழ்வு என்று ஏற்றுக்கொண்ட முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். அவ்வாக்குறுதிக்கு அவர்கள் வைத்த எல்லை சந்திர சூரியர் உள்ளளவும் என்பது. சந்திரனும் சூரியனும் இன்றும் உதிக்கின்றனர். ஆகவே அவ்வாக்கு இன்றும் நம்மைக் கட்டுகிறது.

எல்லா உயிர்களையும் தன் திருமேனியாகக் கொண்ட எம்பெருமானின் திருவருளாலும், எம்பெருமானாரின் திருவடி நிழலாலும், இவ்வுத்ஸவத்தைச் சேவிக்க வந்த அன்பர் அனைவரும், அவர்தம் அண்டை அயலாரும், எச்சமயத்தவராயினும் ஒருவர்க்கொருவர் அரணாய் நின்று நீடூழி வாழ்க.

சுபமஸ்து.